படுக்கையறைச் சுவரில் தலைகீழாக ஓடும் ரயில்

ஜன்னலை முழுக்க மூடிவிட்டு நடுவில் ஒரே ஒரு துளை விடுங்கள். எதிர் அடுக்குமாடி புளோக், மழைமரம், பேருந்து நிறுத்தம், வானம் எல்லாம் தத்தம் நிறத்தோடும் அசைவோடும் உள்சுவரில் தலைகீழாக வந்து விழும். மின்சாரமும் தேவையில்லை, திரைப்படக் கருவியும் தேவையில்லை. சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில், வெயில்படும் எதையேனும் பார்த்திருக்கும் படுக்கையறை ஒன்று போதும். நான் திரைச்சீலை தைத்துப் பொருத்தும் தொழிலில் இருப்பவன். துளை போடுவது ஒரு நிமிட வேலை, இருட்டைக் கட்டுவதுதான் உண்மையான வேலை என்பதைத் தொழில்முறையில் உறுதியாகச் சொல்வேன்.

ஒளி நேர்கோட்டில் செல்கிறது. மரத்தின் உச்சியிலிருந்து வரும் ஒளி துளைக்குள் நுழைந்து கீழ்நோக்கிப் போகிறது. அடிமரத்து ஒளி மேல்நோக்கிப் போகிறது. இவ்வளவுதான் சூட்சுமம். கிறிஸ்துவுக்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்பே சீனத் தத்துவஞானி மோசி இதைக் குறித்துவைத்திருக்கிறார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு கெய்ரோவில் அரபு அறிஞர் இப்னு அல் ஹைதம் விளக்குகளை வைத்துச் சோதித்துப் பார்த்தார். ஹம்பி விருபாட்சர் கோயிலில் கருவறைக்குப் பின்னால் உள்ள இருண்ட அறைக்குப் போனால், ஒன்பது நிலை ராஜகோபுரம் சுவரில் தலைகீழாக நிற்பதைப் பார்க்கலாம். நம் ஊரில் 2019 டிசம்பர் 26 அன்று வளைய சூரிய கிரகணம் வந்தபோது, மரத்தடியில் நின்றவர்கள் நடைபாதை முழுவதும் பிறை பிறையாக வெளிச்சம் சிதறிக் கிடந்ததைப் பார்த்திருப்பார்கள். இலைகளுக்கு இடையிலான ஒவ்வோர் இடைவெளியும் சூரியனைத் தரையில் வரைந்து காட்டியது.

முதலில் திசையைப் பாருங்கள். சூரியன் உங்கள் புளோக்கின் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். எதிரே இருப்பதன் முகத்தில் வெயில் அடிக்க வேண்டும். மேற்குப் பார்த்த ஜன்னல் என்றால் காலை எட்டரையிலிருந்து பத்தரை வரை, கிழக்குப் பார்த்தது என்றால் மாலை நான்கிலிருந்து ஆறு வரை நல்ல நேரம். வீவக புளோக்குகள் பல, வெப்பத்தைத் தவிர்க்க வடக்கு தெற்காகப் பார்த்து நிற்பவை. அப்படியானால் மாதக்கணக்கு பார்க்க வேண்டும். தெற்கு ஜன்னலுக்கு ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை. வடக்கு ஜன்னலுக்கு அக்டோபர் முதல் பிப்ரவரி வரை. அதிலும் பருவமழை ஓய்ந்து வானம் தெளியும் பிப்ரவரிதான் என் தேர்வு.

இனி இருட்டு. கறுப்புக் குப்பைப் பையை நம்பாதீர்கள். ஓர் அடுக்கைப் பிடித்து வெயிலில் பாருங்கள், மேகம் தெரியும். சமையலறை அலுமினியத் தாள் சிறந்தது, ஒளியைத் துளியும் விடாது. தொலைக்காட்சி வந்த அட்டைப் பெட்டியைப் பிரித்து, ஜன்னல் சட்டத்தைவிட எல்லாப் பக்கமும் நான்கு விரல் அகலம் கூடுதலாக வெட்டி, அதன்மேல் அலுமினியத் தாளை ஒட்டுங்கள். உள்ளிருந்தே பொருத்துங்கள். உயரமான மாடியில் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி எதையும் ஒட்ட வேண்டாம். நழுவி விழும் ஓர் அட்டைத் துண்டுகூடக் கீழே நடப்பவருக்கு ஆபத்து. இரும்புக் கம்பி போட்ட ஜன்னல் என்றால் கேபிள் டை கொண்டு அட்டையைக் கம்பியோடு இறுக்கிவிடலாம், காற்றுக்கு அசையாது.

வாடிக்கையாளர்கள் துணி கனமாக இருந்தால் அறை இருண்டுவிடும் என்று நினைக்கிறார்கள். வெளிச்சம் துணி வழியாக வருவதைவிட ஓரங்களில் வருவதுதான் அதிகம். திரைக்கம்பிக்கும் மேல்தளத்துக்கும் நடுவே உள்ள சந்து, பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் ஜன்னலின் இரு கண்ணாடிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடம், கதவின் அடி, சாவித் துவாரம், குளிர்சாதனக் குழாய் சுவருக்குள் நுழையும் மூலை: இவைதான் திருடர்கள். எல்லாவற்றையும் மூடியதாக நினைத்ததும் கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, தரையில் ஐந்து நிமிடம் உட்காருங்கள். ஓட்டைகள் ஒவ்வொன்றாகத் தாமே முகம் காட்டும். மாஸ்கிங் டேப்பை ஒட்டி அடையுங்கள். கதவடியில் துண்டைச் சுருட்டி வையுங்கள். குளிர்சாதனக் கருவியின் சிறு பச்சை விளக்கையும் மறந்துவிடாதீர்கள். உள்ளங்கையை முகத்துக்கு நேரே பிடித்தால் தெரியக்கூடாது. அதுவரை துளையைத் திறக்க வேண்டாம்.

துளைக்கு, அட்டையின் நடுவில் உள்ளங்கை அளவு சதுரம் வெட்டிக்கொள்ளுங்கள். அதன்மேல் ஒட்டுவதற்குக் குளிர்பான டின்னைக் கத்தரித்துத் தகடுகள் தயாரித்து, வெவ்வேறு அளவில் துளையிடுங்கள். தடித்த அட்டையிலேயே துளை போட்டால் அது சுரங்கம்போல் ஆகி, படத்தின் ஓரங்கள் இருண்டுவிடும். முதல் துளைக்கு ஐந்து காசு நாணயத்தை வைத்து வரையுங்கள். அதன் விட்டம் 16.75 மில்லிமீட்டர். அடுத்தது 12, அதற்கடுத்தது 6. விட்டத்தைப் பாதியாக்கினால் படம் இரு மடங்கு கூர்மையாகும், வெளிச்சம் கால் பங்காகக் குறையும். 2006-இல் கலிஃபோர்னியாவில் ஒரு விமானக் கொட்டகை முழுவதையும் இப்படி இருட்டாக்கி, சுமார் 6 மில்லிமீட்டர் துளை வழியாக 35 நிமிடம் ஒளியை விட்டு, ஒரே துணியில் மாபெரும் புகைப்படம் எடுத்தார்கள். நம் கண்ணுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. அதனால் பெரிய துளையில் தொடங்குங்கள்.

திறந்ததும் வானம் மட்டும் சுவரின் அடிப்பகுதியில் வெளுத்துத் தெரியும். எழுந்து போய்விடாதீர்கள். கண் இருட்டுக்குப் பழக பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். பிறகு நிறங்கள் வரும். என் வீடு ஈசூனில், ஒன்பதாம் மாடி. ரயில் பாதை எங்களைவிடத் தாழ்வாகப் போவதால், படத்தில் அது மேல்தளத்தை ஒட்டி வருகிறது. ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த உயரத்தில், சக்கரம் மேலும் கூரை கீழுமாக ரயில் சுவரைக் கடக்கிறது. ஆறு பெட்டியும் சேர்ந்து சுவரில் அடங்குவதில்லை. எதிர் வீட்டு மூங்கில் கம்புகளில் காயும் துணிகள் மேல்நோக்கித் தொங்குகின்றன. முகங்கள் தெரியாது, சட்டையின் நிறம் தெரியும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஜன்னலைப் பார்த்து நிற்கும்போது இடமிருந்து வலமாகப் போகும் ரயில், திரும்பிச் சுவரைப் பார்த்தாலும் இடமிருந்து வலமாகவே போகும். மேல்கீழ்தான் மாறும். எதிர் புளோக்கின் எண் குளத்து நீரில் தெரிவதுபோல் இருக்கும். ஆகவே கைப்பேசியில் எடுத்த படத்தை அரைவட்டம் சுழற்றினால் எண் கண்ணாடி எழுத்தாகிவிடும். மேல்கீழாகப் புரட்டும் வசதியைத்தான் பயன்படுத்த வேண்டும். முக்காலியில் கைப்பேசியை நிறுத்தி, இரவுப் படத்துக்கான முறையில் எடுங்கள். கியூபாவில் பிறந்த அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் அபெலார்டோ மொரெல் 1991 முதல் இப்படி அறைகளை எடுத்துவருகிறார்; தொடக்கத்தில் ஒரு படத்துக்குப் பல மணி நேரம் தேவைப்பட்டது. அவர் படங்களில் கட்டிலும் தலையணையும் அப்படியே இருக்க, அவற்றின்மேல் நகரம் கவிழ்ந்து கிடக்கும். அறையை ஒழித்து வெறுமையாக்காமல் எடுங்கள் என்று நான் சொல்வதற்கு அவரே காரணம்.

சுவரில் அலமாரி இருந்தால் எட்டு முழ வெள்ளை வேட்டியை இரட்டையாக மடித்துக் குறுக்கே கட்டுங்கள். மேகமூட்டமான நாளில் வேட்டியைத் துளையிலிருந்து பாதித் தூரத்துக்குக் கொண்டுவந்தால் படம் பாதியாகச் சுருங்கி நான்கு மடங்கு பளிச்சென்று ஆகும். அதற்கும் மேல் வெளிச்சம் வேண்டுமென்றால், +1.00 வாசிப்புக் கண்ணாடியின் ஒரு வில்லையை நான்கு சென்டிமீட்டர் துளையில் பொருத்தி, ஒரு மீட்டர் தள்ளி வெள்ளை அட்டையைப் பிடியுங்கள். மழைமரத்தின் இலைகள் அசைவதுகூடத் தெரியும். ஆனால் நேர் வெயில் வில்லையில் படக்கூடாது. குவிந்த ஒளி அட்டையைப் பொசுக்கும். துளை வழியாகச் சூரியனை எக்காரணம் கொண்டும் பார்க்கக்கூடாது.

குழந்தைகள் இருந்தால் கட்டாயம் ஆளுக்கொரு வெள்ளை அட்டை கொடுங்கள். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து இயங்கும் இருட்டறைக் கோபுரத்தில், வட்ட மேசையில் விழும் தெருக்காட்சியிலிருந்து நடந்துபோகும் ஆட்களைக் காகிதத்தில் ஏந்தித் தூக்குவது பார்வையாளர்களின் விளையாட்டு. சுவருக்கு முன்னால் அட்டையைப் பிடித்தால் இங்கேயும் அதே ஆட்டம் நடக்கும். சாலையைக் கடக்கும் ஒருவரை அட்டையில் ஏற்றி, அடுத்த பிள்ளையின் அட்டைக்கு மாற்றிவிடலாம். எதிர் வீட்டு ஜன்னல்களைக் குறிவைக்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவையுங்கள்.

டேப்பை அன்றைக்கே பிரித்துவிடுங்கள். இரண்டு நாள் வெயில் பட்டால் பசை சட்டத்தில் இறுகிப்போகும். அப்படி ஆகிவிட்டால் முடி உலர்த்தியால் சூடாக்கி மெதுவாக உரியுங்கள். தகடுகளில் துளையின் அளவை எழுதி ஓர் உறையில் போட்டு, அட்டையின் பின்பக்கம் ஜன்னலின் திசையையும் நன்றாகத் தெரிந்த நேரத்தையும் குறித்துவைத்தால், அடுத்த முறை அரை மணி நேரத்தில் அறை தயாராகிவிடும்.