அங்கோருக்கு ஜோடியாகப் போகிறீர்களா? பாங்கு (தொழுகை அழைப்பு) நேரத்தை வைத்தே திட்டம் போடுங்கள்

கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்துத்தான் நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஒரு ஊருக்குப் போனோம். பிள்ளைகளை மாமி வீட்டில் விட்டுவிட்டு, கம்போடியாவில், அங்கோர் என்ற பழங்காலக் கோயில்கள் இருக்கும் சியம் ரீப்புக்கு, டிசம்பரில் எட்டு நாள். திரும்பி வந்ததிலிருந்து சொந்தத்தில் எல்லோரும் கேட்பது இரண்டே கேள்விதான். "அங்க சாப்பாட்டுக்கு என்ன பண்ணீங்க?" அப்புறம், நாங்கள் முஸ்லிம்கள் என்பதால் கொஞ்சம் தயங்கி, "கோயில் பாக்கவா அவ்வளவு தூரம் போனீங்க?"

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மதுரைக்காரிக்கு இது ஒரு கேள்வியே இல்லை. மாசி வீதியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கோபுரம் தெரியும். சின்ன வயதில் எனக்கு யூனிபாரம் தைத்ததே புதுமண்டபத்துத் தூண்களுக்கு நடுவில்தான். போவது வேடிக்கை பார்க்க, கும்பிட அல்ல. ஆனால் அங்கோரில் பல இடங்களில் இன்னும் புத்தர் சிலை வைத்து வழிபாடு நடக்கிறது. சிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் ஊதுபத்தியைக் கையில் கொடுப்பார்கள், சிவப்புக் கயிறு கட்டிவிட்டுக் காசு எதிர்பார்ப்பார்கள். நெஞ்சில் கை வைத்துச் சிரித்துத் தலையாட்டினால் விட்டுவிடுகிறார்கள். வேண்டாம் என்று முகத்தைச் சுளிக்காதீர்கள், அது அவர்கள் இடம்.

போகும் வழி. மதுரையிலிருந்து நேராக விமானம் கிடையாது. மாட்டுத்தாவணியில் பஸ் ஏறித் திருச்சி, அங்கிருந்து கோலாலம்பூர், அங்கே மாறி சியம் ரீப். இரண்டு டிக்கெட்டையும் தனித்தனியாகப் போட்டால் கோலாலம்பூரில் இமிக்ரேஷன் தாண்டிப் பெட்டியை எடுத்து மறுபடி செக்கின் செய்ய வேண்டும், அதனால் அவசரப்படாமல் அங்கேயே ஒரு ராத்திரி தங்கிவிடுங்கள்; ஹலால் சாப்பாட்டைப் பற்றி யோசிக்காமல் வயிறாரச் சாப்பிட அது கடைசி வாய்ப்பு என்றுகூடச் சொல்லலாம். கம்போடியாவுக்கு இந்தியர்களுக்கு இ-விசாவும் உண்டு, இறங்கியதும் எடுக்கிற விசாவும் உண்டு. சுற்றுலா விசா 30 டாலர். 2023 அக்டோபரில் திறந்த புது விமான நிலையம் ஊரிலிருந்து ரொம்பத் தள்ளி இருக்கிறது, காரில் ஒரு மணி நேரம் ஆகும். பழைய பதிவுகளில் "பத்து நிமிஷத்தில் ஹோட்டல்" என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள்.

டாலர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அங்கே டாலரும் செல்லும், அந்த ஊர்ப் பணமான ரியலும் செல்லும், சுமாராக 4000 ரியல் ஒரு டாலர். ஆனால் ஓரத்தில் நகக்கண் அளவு கிழிந்த நோட்டைக்கூட வாங்க மாட்டார்கள். ஊரில் மாற்றும்போது எண்ணி மட்டும் வாங்கினோம், ஒவ்வொரு நோட்டாகப் பார்க்கவில்லை. ஒரு இருபது டாலர் நோட்டு எட்டு நாளும் எங்களோடு சுற்றுலா போய்விட்டுப் பத்திரமாகத் திரும்பி வந்தது. பார்த்து வாங்குங்கள், ஒன்றும் ஐந்துமாக நிறைய வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். அங்கோர் நுழைவுச்சீட்டு ஒரு நாளைக்கு 37 டாலர், மூன்று நாளைக்கு 62, ஏழு நாளைக்கு 72. மூன்று நாள் சீட்டைப் பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளிலும், ஏழு நாள் சீட்டை ஒரு மாதத்துக்குள் எந்த ஏழு நாளிலும் பயன்படுத்தலாம். கணக்கைப் பாருங்கள், பத்தே டாலர் கூடக் கொடுத்தால் நான்கு நாள் கூடுதல். ஏழு நாள் சீட்டை எடுத்துவிட்டால் "காசு கொடுத்துட்டோம், பாத்தே ஆகணும்" என்ற ஓட்டம் நின்றுவிடும். முதல் நாள் எங்களுக்கு வாய்த்த வண்டிக்காரர் ஒரே நாளில் ஏழு கோயில் காட்டுகிறேன் என்று கிளம்பினார். மூன்றாவது கோயிலில் நான் ஒரு கல்லில் உட்கார்ந்தேன், நான்காவதில் என் வீட்டுக்காரரும் உட்கார்ந்துவிட்டார். மத்தியான வெயிலில் கல் அடுப்பு மாதிரி கொதிக்கிறது, தலையில் முக்காடு, தொழுகைக்கு முன் கைகால் கழுவும் ஒளு செய்ய இடம் தெரியவில்லை, லுஹர், அதாவது மத்தியானத் தொழுகை, போய்விடுமோ என்ற பதற்றம் வேறு. அன்று ராத்திரி ஒரு துண்டுத்தாளில் தொழுகை நேரங்களை எழுதி, நடுவில் இருக்கிற இடைவெளியில் கோயிலை வைத்தோம். அதற்குப் பிறகு ஒரு நாள்கூட களைப்பில்லை.

டிசம்பர் நேரத்தை வைத்துச் சொல்கிறேன். ஐந்து மணியைத் தாண்டி சுபுஹு, அதிகாலைத் தொழுகை. சூரியன் எழ ஆறேகால் ஆகும். தொழுதுவிட்டுக் கிளம்பினாலே போதும், அங்கோர் வாட் ஊரிலிருந்து பக்கம்தான். சூரிய உதயத்துக்காகக் குளத்தங்கரையில் ஒருவர் தோளில் ஒருவர் ஏறாத குறையாக நிற்பார்கள். அந்தக் கூட்டத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஏழு மணிக்கு எல்லோரும் காலைச் சாப்பாட்டுக்கு ஹோட்டலுக்குத் திரும்பும்போது நீங்கள் உள்ளே போங்கள். பாற்கடல் கடையும் சிற்பச்சுவர் 49 மீட்டர் நீளம், அதன் முன்னால் நாங்கள் இரண்டு பேர், ஒரு துப்புரவுப் பணியாளர், அவ்வளவுதான். பத்து மணிக்கு அறைக்கு வந்துவிடுங்கள். குளியல், சாப்பாடு, லுஹர், தூக்கம். மூன்று மணிக்கு மேல் மறுபடி ஒரே ஒரு கோயில். பெரும்பாலான கோயில்களை ஐந்தரைக்கு மூடிவிடுகிறார்கள், மாலைத் தொழுகையான மஃரிபும் கிட்டத்தட்ட அதே நேரம்தான், ஆகவே தானாகவே அறைக்கு வந்து சேர்ந்துவிடுவீர்கள்.

பிற்பகல் தொழுகையான அஸரில் மட்டும் ஒரு சின்னக் குழப்பம் வரும். அங்குள்ள சாம் இனத்து முஸ்லிம்கள் ஷாஃபி மஸ்ஹப் (மார்க்கச் சட்டப் பிரிவு), அவர்களுடைய அஸர் பாங்கு மூன்றேகாலை ஒட்டி. எங்களைப் போன்ற ஹனஃபி பிரிவினருக்கு நான்கு மணி தாண்டித்தான் வக்து, அதாவது தொழுகை நேரம். கோயில் பார்த்துக்கொண்டிருக்கும்போது நேரம் வந்துவிடும். கோயிலுக்குள் தொழாதீர்கள், வெளியே வந்தால் இளநீர்க் கடைகளுக்குப் பின்னால் மரத்தடி எவ்வளவோ இருக்கிறது, இளநீர் வாங்கிவிட்டுக் கேட்டால் சந்தோஷமாக இடம் காட்டுவார்கள். ஒரு பாட்டில் தண்ணீர், மடித்து வைக்கிற விரிப்பு, அது போதும். தொழும் திசையான கிப்லா மேற்கிலிருந்து கொஞ்சம் வடக்கே சாய்ந்திருக்கும். அங்கோர் வாட் மேற்குப் பார்த்த கோயில் என்பதால் அங்கே திசைகாட்டிகூட வேண்டாம்: கோயிலுக்கு முதுகைக் காட்டி, வாசலைப் பார்த்து நின்று, சற்று வலது பக்கம் திரும்பினால் சரியாக இருக்கும். பதினைந்து நாளுக்குக் குறைவாகத் தங்கும் ஹனஃபி பயணிக்கு கஸர் (தொழுகையைச் சுருக்கித் தொழுவது) உண்டு. ஷாஃபிக்கு நாள் கணக்கு வேறு, ஜம்உம் (இரண்டு வேளைத் தொழுகையைச் சேர்த்துத் தொழுவது) உண்டு. கிளம்புவதற்கு முன் உங்கள் பள்ளிவாசல் இமாமான ஹஜ்ரத்திடம் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாடு. நகருக்குள்ளேயே பள்ளிவாசல் இருக்கிறது, அதை ஒட்டிய தெருவில் சாம் குடும்பங்கள் நடத்தும் ஹலால் கடைகள். நாங்கள் வாடிக்கையாகப் போன கடையில் ஆறு மேசைதான். கடைக்கார அம்மா எங்களைப் பார்த்ததும் சலாம் சொன்னார், அதற்கு மேல் எங்களுக்கும் அவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை இல்லை. என்னைக் கையைப் பிடித்து அடுக்களைக்குக் கூட்டிப்போய்ச் சட்டியைத் திறந்து காட்டினார். வாழையிலைக் கிண்ணத்தில் மீன், தேங்காய்ப்பால், எலுமிச்சைப்புல், மஞ்சள். மணம் நம் வீட்டு மணம், ஆனால் எந்த வீடு என்று சொல்ல முடியவில்லை. அதுதான் அமோக். மாட்டிறைச்சியைச் சின்னச் சின்னத் துண்டாக வதக்கி, மிளகுத்தூளில் எலுமிச்சை பிழிந்து தொட்டுச் சாப்பிடுவது லொக் லாக், என் வீட்டுக்காரர் நான்கு நாள் தொடர்ந்து அதையே சாப்பிட்டார். காலையில் நொம் பஞ்சொக், நம் இடியாப்பத்தின் தங்கச்சி. மேலே மீன் குழம்பு, பச்சைக் கீரை.

மற்ற கடைகளில் "மீன் மட்டும்தானே" என்று உட்கார்ந்துவிடாதீர்கள். ஒரே சட்டி, ஒரே வெட்டுப்பலகை, நூடுல்ஸ் சாறில் பன்றி எலும்பு, எல்லாம் சாத்தியம். "ஒத் ஞாம் சாச் ஜ்ரூக்" என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள், பன்றி இறைச்சி சாப்பிட மாட்டோம் என்று அர்த்தம். சாச் என்றால் இறைச்சி. மாட்டிறைச்சி சாச் கோ. கோ என்றால் அங்கேயும் மாடுதான், அதைக் கேட்டு ஒரு நிமிஷம் சிரித்தோம். கடைப் பலகை எழுத்துகளும் எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கும், காரணம் அவர்கள் மொழியான கெமரின் எழுத்துக்கு மூலம் பல்லவ எழுத்து. ப்ரஹோக் என்ற ஊறவைத்த மீன், கருவாட்டு வாசனைக்குப் பழகிய நமக்குப் பெரிய விஷயமில்லை. காட்டுப் பக்கம் முழுநாள் போகும்போது மட்டும் கட்டுச்சாதம்: நான் புளிக்காய்ச்சலும் அவலும் கொண்டுபோனேன். ஊரிலிருந்து இறைச்சி வகை எதுவும் எடுத்துப்போகாதீர்கள், விமான நிலையத்தில் வம்பு.

தங்க இடம் தேடும்போது மதுக்கடைகள் நிறைந்த பப் ஸ்ட்ரீட்டை விட்டுத் தள்ளிப் பாருங்கள், ராத்திரி முழுக்கச் சத்தம். ஆற்றுக்குக் கிழக்கே வாட் போ பக்கம் அமைதி. காலைச் சாப்பாடு இல்லாத அறையாக எடுத்தால் காசு மிச்சம், பஃபேயில் எதில் என்ன கலந்திருக்கிறது என்ற விசாரணையும் மிச்சம். அறைக் குளிர்பெட்டியில் இருக்கும் மதுப் பாட்டில்களை எடுத்துவிடச் சொல்லி முன்னாலேயே எழுதிவிடலாம், எதுவும் நினைக்க மாட்டார்கள்.

எந்தக் கோயில்கள்? தா ப்ரோமை விட்டுவிட்டால் காட்டுக் கோயில் என்ற பேச்சுக்கே இடமில்லை. கெமர் அரசன் ஏழாம் ஜெயவர்மன் 1186-ல் தன் தாய்க்காகக் கட்டியது. அந்தக் காலத்தில் 12,640 பேர் இதற்குள் வாழ்ந்ததாக அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. இப்போது மரங்கள் வாழ்கின்றன. கூரை மேல் நிற்கும் மரத்தின் வேர், உருகிய மெழுகு வழிந்து உறைந்த மாதிரி சுவரோடு இறங்கி, ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவில் நுழைந்து, அப்புறம் தரையில் நம் இடுப்பு உயரத்துக்குப் புடைத்துக்கொண்டு போகிறது. மரத்தை வெட்டினால் சுவர் விழும், விட்டால் சுவரைப் பிளக்கும். இதைப் பராமரிக்கும் வேலையில் நம் தொல்லியல் துறைக்கும் பங்கு உண்டு, பலகையில் இந்தியக் கொடியைப் பார்த்ததும் இவர் போட்டோ எடுக்கச் சொன்னார். அதே அரசன் ஐந்து வருடம் கழித்துத் தந்தைக்காகக் கட்டியது ப்ரேயா கான். எனக்கு அதுதான் பிடித்தது, கூட்டம் பாதிகூட இல்லை. பாந்தே ஸ்ரேய் 967-ஆம் வருடத்துக் கோயில், இளஞ்சிவப்புக் கல், சின்னது, தொலைவு. அரை நாள் ஒதுக்குங்கள். பெங் மெலியா இன்னும் தள்ளி, ஒன்றரை மணி நேரப் பயணம், முழுக்க இடிந்து காட்டுக்குள் கிடக்கிறது, மரப்பாலத்தில் நடந்தபடி பார்க்கலாம். பாதையை விட்டு மட்டும் எங்கேயும் இறங்காதீர்கள். அந்த நாட்டில் கண்ணிவெடிகளை எடுக்கும் வேலை இன்னும் முடியவில்லை. பையோன் கோயிலில் கல்லில் செதுக்கிய பெரிய முகங்களை அரை மணியில் பார்த்துவிடலாம்.

ஒரு நாள் எதுவுமே வைக்காதீர்கள். நாங்கள் வெள்ளிக்கிழமையை அப்படி விட்டோம். பயணிக்கு ஜும்ஆ, அதாவது வெள்ளிக்கிழமைக் கூட்டுத் தொழுகை, கடமையில்லை என்றாலும் இவர் பள்ளிவாசலுக்குப் போனார், நான் எதிர்க்கடையில் ஐஸ் காபி குடித்தபடி தொப்பி போட்ட சின்னப் பையன்கள் சைக்கிளில் மூன்று மூன்று பேராக வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மிச்சமாகும் ரியலை அங்கேயே தீர்த்துவிடுங்கள், மதுரையில் யாரும் மாற்றித்தர மாட்டார்கள். நாங்கள் கம்போட் மிளகு வாங்கினோம். "மிளகு வெளையுற ஊருலேருந்து போயி மிளகா வாங்கிட்டு வந்தே?" என்று மாமி ஒரு பாட்டம் பாடினார்கள். இப்போது ரசத்துக்கு அந்த டப்பாவைத்தான் எடுக்கிறார்கள்.