வன்னியிலிருந்து மாநாட்டு மேடைக்கு: ஆய்வு மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிநொச்சி அறிவியல் நகரில் அண்மையில் ஓர் ஒத்திகையைக் கேட்கப் போயிருந்தேன். கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் மாணவி ஒருவர், வெளிநாட்டில் நடக்கும் ஊடாடும் தொழில்நுட்ப மாநாடு ஒன்றின் ஆய்வு மாணவர் அரங்கில் பேசத் தெரிவாகியிருந்தார். மனிதரும் கணினிக் கருவிகளும் பழகும் விதத்தை ஆராயும் துறை அது. குளத்தின் நீர்மட்டத்தை ஓர் உணரி அளக்கிறது. கமக்காரர் தொலைபேசியில் அழைத்தால் அந்த அளவைத் தமிழில் குரலாகச் சொல்கிறது. அதுதான் அவருடைய கருவி. கிடைத்த நேரம் 15 நிமிடம். முதல் ஆறு நிமிடமும் 2009, இடப்பெயர்வு, உடைந்த கட்டடங்களின் படங்கள். குளம் வந்தது ஒன்பதாவது ஸ்லைடில்.

பேச்சு முடிந்ததும் ஒருவர் கேட்டார்: "துருசை எப்போது திறப்பது என்று யார் முடிவெடுக்கிறார்கள்?" துருசு என்பது குளத்திலிருந்து வாய்க்காலுக்கு நீர் விடும் மதகு. அந்தப் பிள்ளை எழுந்து பலகைக்குப் போனார். பிரதான வாய்க்கால், கிளை வாய்க்கால், கடைசி வயல் என்று கோடுகள் இழுத்தார். சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்பது கூட்டத்தில் எப்படித் தீர்மானமாகிறது, கடைசி வயலுக்குத் தண்ணீர் வந்து சேராவிட்டால் கமக்கார அமைப்பில் யார் யாரிடம் கேட்பார்கள் என்றெல்லாம் பத்து நிமிடம், ஒரு தாளையும் பார்க்காமல் சொன்னார். அறையில் ஒருவரும் அசையவில்லை. அவர் சொன்னதில் ஒரு வரிகூட ஸ்லைடுகளில் இல்லை.

நான் திரும்பத் திரும்பக் காணும் தவறு இது. வன்னி என்றால் அழிவின் படத்தைக் காட்டித்தான் தொடங்க வேண்டும் என்று நம் மாணவர்கள் நினைத்துவிடுகிறார்கள். போர் ஆய்வுக் கேள்விக்குள் வருமானால், செயற்கைக் கால் பயன்படுத்துவோருக்கான கருவி என்றால், அதைச் சொல்லத்தான் வேண்டும். நீர்ப்பங்கீட்டைப் பற்றிய ஆய்வில் அந்தப் படங்கள் கேட்பவரின் இரக்கத்தைத்தான் வாங்கித் தரும். இரக்கப்பட்டவர் கடினமான கேள்வி கேட்க மாட்டார். கடினமான கேள்வி கிடைக்காமல் திரும்பினால் அவ்வளவு தூரம் போனதற்குப் பலன் என்ன? 2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் வந்ததைப் பார்த்தவருக்கு நீர்மட்டம் ஏன் முக்கியம் என்று தெரியும். அதை ஒரே ஸ்லைடில் சொல்லிவிட்டுக் குளத்துக்குள் இறங்கிவிடலாம்.

அந்தப் பலகைக் கோடுகள் இன்னொரு தவறையும் காட்டின. கட்டுரையில் 'பயனர்' என்று எழுதியிருந்த ஆள் கையில் தொலைபேசியுடன் தனியாக நிற்கும் ஒரு கமக்காரர். வயலில் அப்படி ஒருவர் இல்லை. தண்ணீரைப் பற்றிய முடிவு பலர் கூடி எடுப்பது. நீர்மட்டம் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்துவிட்டால் கூட்டத்தில் பேச்சு எப்படி மாறும்? இந்தத் துறையில் உலகமே கேட்க விரும்பும் கேள்வி அது. பயனரைப் பாடநூலிலிருந்து எடுத்தால் அந்தக் கேள்வி கண்ணில் படாது.

ஆய்வு மாணவர் அரங்கு எதற்கென்று பலருக்கு முதலில் விளங்குவதில்லை. அது பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு போன்றது என்று எண்ணி, ஓட்டைகளையெல்லாம் பூசி மெழுகிக்கொண்டு போகிறார்கள். பெரும்பாலான மாநாடுகளில் அது ஒரு சிறிய அறை. சில மூத்த ஆய்வாளர்களும் பத்துப் பதினைந்து மாணவர்களும் இருப்பார்கள். ஆய்வின் திசை தெளிந்து, அதை மாற்ற இன்னும் காலம் இருக்கும் கட்டத்தில் உள்ளவர்களையே பெரும்பாலும் தெரிவுசெய்கிறார்கள். ஆகவே கடைசி ஸ்லைடில் 'நன்றி' என்று போட்டு நிறுத்தாமல், நீங்கள் முட்டிக்கொண்டு நிற்கும் இரண்டு கேள்விகளை எழுதுங்கள். "குரல் வேண்டுமா, குறுஞ்செய்தி வேண்டுமா என்று யாரிடம் கேட்பது, தனி ஆளிடமா, கூட்டத்திடமா?" என்ற அளவுக்குக் குறிப்பாக இருக்கட்டும். "மேலும் எப்படி மேம்படுத்தலாம்?" என்று கேட்டால் பொத்தாம்பொதுவான பதில்தான் வரும்.

அடுத்தது ஆதாரம். "கருவி எல்லோருக்கும் பிடித்திருந்தது" என்ற வரி எந்த ஒத்திகையில் வந்தாலும் நான் நிறுத்திக் கேட்பேன். பல்கலைக்கழகத்திலிருந்து வெயிலில் வந்து நிற்கும் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தவர், அந்தப் பிள்ளை செய்த கருவியை முகத்துக்கு நேரே குறை சொல்வாரா? "நல்லது பிள்ளை, பிரயோசனமாக இருக்கிறது" என்றுதான் சொல்வார். அது உபசரிப்பு. இந்தத் துறையின் பெரிய மாநாடான சிஎச்ஐயில் 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பெங்களூரில் 450 பேரிடம் இதையே அளந்து பார்த்தது. காட்டிய இரண்டு கருவிகளும் ஒரே மாதிரியானவையாக இருந்தும், கேள்வி கேட்பவர் செய்தது என்று தாம் நம்பியதையே விரும்புவதாகச் சொல்லும் வாய்ப்பு 2.5 மடங்காக இருந்தது. கேட்பவர் மொழிபெயர்ப்பாளருடன் வந்த வெளிநாட்டவர் என்றால் 5 மடங்கு. ஆகவே பிடித்ததா என்று கேட்பதை விடுங்கள். கருவியைக் கொடுத்துவிட்டு வந்து, மூன்றாவது வாரம் யார் அழைத்தார்கள், யார் அழைக்கவில்லை என்பதைப் பாருங்கள். கருவியைச் செய்தது யார் என்று சொல்லாமல் வேறொருவரை அனுப்பிக் கேளுங்கள்.

எட்டுப் பேரிடம் கேட்டுவிட்டு '75 வீதம்' என்று எழுதுவதும் வேண்டாம். ஆறு பேர் என்றே எழுதலாம், அதில் வெட்கமில்லை. 1986இல் ஜோன் புரூக் உருவாக்கிய பயன்பாட்டு எளிமை அளவுகோலைப் பலர் பயன்படுத்துகிறார்கள். பத்துக் கூற்றுகள், முடிவில் 0 முதல் 100 வரை ஒரு புள்ளி. அந்தப் புள்ளி வீதமன்று. சராசரி 68 அளவில் இருக்கும் என்பதால் 70 வாங்கிய கருவி நடுத்தரத்துக்குச் சற்று மேலே நிற்கிறது, அவ்வளவுதான். அதில் ஒன்றுவிட்டு ஒரு கூற்று எதிர்மறையானது. "இது தேவையில்லாமல் சிக்கலாக இருக்கிறது" என்று வாசித்துக் காட்டினால், மரியாதைக்காக "ஓம், ஓம்" என்று தலையாட்டும் பெரியவரின் பதிலை எந்தக் கட்டத்தில் அடையாளமிடுவீர்கள்? மொழிபெயர்த்த கூற்றுகளை முதலில் நாலைந்து பேரிடம் சொல்லி, அவர்கள் என்ன விளங்கிக்கொண்டார்கள் என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

இனி செய்துகாட்டல். 1968 டிசம்பர் 9 அன்று அமெரிக்கப் பொறியியலாளர் டக்ளஸ் எங்கல்பார்ட் சான் பிரான்சிஸ்கோவில் 90 நிமிடம் மவுஸையும் திரையையும் நேரடியாக இயக்கிக் காட்டிய நாளிலிருந்து, இந்தத் துறையில் கையால் தொட்டுப் பார்க்கும் கருவிக்குத் தனி மதிப்பு உண்டு. அதனால் வரும் தவறு, மாநாட்டு மண்டபத்தின் வைஃபையை நம்புவது. பயனர் பெயர் கேட்டு உள்ளே விடும் வலையமைப்பில் உங்கள் சிறிய சுற்றுப்பலகை எளிதில் சேராது. நூற்றுக்கணக்கான தொலைபேசிகள் உள்ள இடத்தில் புளூடூத்தும் திணறும். வலையமைப்பே இல்லாமல் இயங்கும் ஒரு வடிவத்தையும், ஒரு நிமிடக் காணொளியையும் கையோடு வைத்திருங்கள்.

அந்த மாணவி ஒரு வாளித் தண்ணீரை மேசைக்குக் கீழே வைத்தார், மேலே உணரி. வாளியில் இன்னொரு செம்புத் தண்ணீரை ஊற்றியதும் தொலைபேசி தமிழில் பேசியது. "வெளிநாட்டவருக்கு விளங்காதே, ஆங்கிலக் குரலாக மாற்றிவிடட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றோம். கமக்காரர் கேட்பது எந்தக் குரலோ அதுவே ஒலிக்கட்டும், திரையில் ஆங்கில வரி ஓடினால் போதும். செம்பை மட்டும் வருபவரின் கையில் கொடுக்கச் சொன்னோம். தானே ஊற்றிப் பார்த்தவருக்கு விளக்கம் பாதியாகக் குறைந்துவிடும்.

பயணத்தில் தவறுவது பெரும்பாலும் நாட்களைத்தான். ஏற்புக் கடிதம் வந்த அன்றே அழைப்புக் கடிதம் கேட்டு, விசா வேலையைத் தொடங்குங்கள். வன்னியிலிருந்து கொழும்புக்குப் போய்வரும் நாட்களையும் கணக்கில் எடுங்கள். பணமில்லை என்று முன்கூட்டியே ஒதுங்கிவிடாதீர்கள். சிஎச்ஐ மாநாட்டை நடத்தும் சிக்சி அமைப்பு கேரி மார்ஸ்டன் பெயரில் பயண உதவி வழங்கிவந்திருக்கிறது, மாணவத் தொண்டர்களுக்குப் பல மாநாடுகளில் பதிவுக் கட்டணம் இல்லை. பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும், பெரிய பெட்டிக்குள் வைக்கக்கூடாது. நம்முடைய 230 வோல்ட்டுக்குச் செய்த மின்வழங்கி, ஜப்பானின் 100 வோல்ட்டில் வேலை செய்யுமா என்று அதன் முதுகில் எழுதியிருப்பதை வாசித்துப் பாருங்கள்.

கேள்வி நேரத்தில், தெரியாததற்குப் பதில் புனைய வேண்டாம். "அதை நான் இன்னும் பார்க்கவில்லை, நீங்கள் எப்படிப் பார்ப்பீர்கள்?" என்று திருப்பிக் கேட்கலாம். பேசும்போது பக்கத்தில் இருக்கும் மாணவரிடம் கொப்பியைக் கொடுத்து, வரும் கேள்விகளைச் சொன்ன சொல்லிலேயே எழுதித்தரச் சொல்லுங்கள். மேடையில் நிற்பவர் காதில் பாதிதான் விழும். ஊர் திரும்பியதும் அந்தக் கொப்பியோடு அடுத்த கமக்கார அமைப்புக் கூட்டத்துக்குப் போங்கள். அங்கே கேட்டதில் சிலவற்றுக்கு இங்கேதான் பதில் இருக்கிறது.