லண்டனில் நல்ல ஹலால் உணவகத்தைக் கண்டறிவது எப்படி? புதிதாக வந்தவர்களுக்கான செய்முறை விளக்கம்

படிப்புக்காகவோ வேலைக்காகவோ லண்டனுக்குப் புதிதாக வருபவர்கள் ஹலால் உணவு கிடைக்குமா என்று கவலைப்பட வேண்டியதில்லை. எந்தக் கடையை நம்பலாம், எந்தக் கடையில் சமையல் நன்றாக இருக்கும் என்ற இரண்டு கேள்விகளுக்குத்தான் விடை தேட வேண்டியிருக்கிறது. இவை வெவ்வேறு கேள்விகள் என்பதால் தனித்தனியாகவே விசாரிக்க வேண்டும். ஊரெங்கும் கிளை பரப்பிய நிறுவனங்களை விட்டுவிட்டு, ஒரு குடும்பமோ ஒரு சமையற்காரரோ சொந்தமாக நடத்தும் கடைகளை மட்டுமே இங்கே கருத்தில் கொள்கிறேன்.

படி 1: உங்கள் அளவுகோலை முடிவு செய்யுங்கள்

பிரிட்டனில் ஹலால் சான்றிதழ் வழங்கும் ஒரே அரசு அமைப்பு என்று எதுவும் இல்லை. தனித்தனி அமைப்புகள் தத்தம் விதிகளின்படி வழங்குகின்றன. அவற்றுள் அதிகம் அறியப்பட்டவை 1994இல் தொடங்கிய ஹலால் ஃபுட் அத்தாரிட்டியும், 2003இல் தொடங்கிய ஹலால் மானிட்டரிங் கமிட்டி என்னும் எச்.எம்.சி.யும் ஆகும். கால்நடைகளை மயக்கமடையச் செய்த பின்னரே அறுக்க வேண்டும் என்பது அந்நாட்டுப் பொதுச்சட்டம். சமய முறைப்படியான அறுப்புக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. மயக்கமூட்டாமல் அறுத்த இறைச்சியை மட்டுமே எச்.எம்.சி. ஏற்கிறது. உயிர் போகாத அளவுக்கு மயக்கமூட்டி, பின்னர் அல்லாஹ்வின் பெயர் கூறி அறுப்பதை ஹலால் ஃபுட் அத்தாரிட்டி அனுமதிக்கிறது. ஆகவே அடுத்தடுத்த இரண்டு கடைகளில் ஹலால் என்று எழுதியிருந்தாலும் இரண்டின் பொருளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. உங்களுக்கு எது ஏற்புடையது என்பதை, தேவையானால் நம்பிக்கைக்குரிய ஆலிம் (இஸ்லாமிய மார்க்க அறிஞர்) ஒருவரிடம் கேட்டு, முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

படி 2: உணவை வைத்துப் பகுதியைத் தேர்ந்தெடுங்கள்

வீட்டுக்கு அருகிலுள்ள கடையைத் தேடுவதைவிட, உங்களுக்கு வேண்டிய சமையலைச் செய்யும் மக்கள் வாழும் பகுதிக்குப் போவதே மேல். கிழக்கு லண்டன் பள்ளிவாசல் அமைந்துள்ள ஒயிட்சாப்பல் பகுதியில் பஞ்சாபிச் சமையலும் வங்காளச் சமையலும் அருகருகே கிடைக்கும். 1972 முதல் ஃபீல்ட்கேட் தெருவில் இயங்கிவரும் தய்யப்ஸ் உணவகம் அங்கேதான் இருக்கிறது. லெபனான் சமையலுக்கு எட்ஜ்வேர் சாலையும், கரியடுப்பில் சுடும் துருக்கிய இறைச்சிக்கு ஹேரிங்கேயிலுள்ள கிரீன் லேன்ஸும் பெயர் பெற்றவை. தமிழ்க் கடைகள் நிறைந்த ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் உரிமையாளர் முஸ்லிம் அல்லாதவராக இருந்தும் ஹலால் கோழி வாங்கிச் சமைக்கும் உணவகங்கள் உண்டு. எனவே பெயர்ப்பலகையை மட்டும் பார்த்து அவற்றைத் தள்ளிவிடாதீர்கள். சவுத்ஹாலில் மட்டும் எதையும் முன்கூட்டியே ஊகிக்க வேண்டாம். தீட்சை பெற்ற சீக்கியர்களுக்கு ஹலால் இறைச்சி விலக்கப்பட்டது என்பதால், அங்குள்ள சில பஞ்சாபிக் கடைகள் வேண்டுமென்றே அதைத் தவிர்க்கின்றன.

படி 3: புறப்படுவதற்கு முன் இரண்டு தளங்களைப் பாருங்கள்

சான்றிதழ் வழங்கும் அமைப்பின் இணையதளத்தில் கடையின் பெயரும் முகவரியும் உள்ளனவா என்று பாருங்கள். அடுத்து, அரசின் உணவுப் பாதுகாப்புத் துறையான ஃபுட் ஸ்டாண்டர்ட்ஸ் ஏஜென்சியின் தளத்தில் அதே கடையின் சுகாதார மதிப்பெண்ணைத் தேடுங்கள். உள்ளூராட்சி அதிகாரிகள் சோதித்து 0 முதல் 5 வரை இதனை வழங்குகிறார்கள். வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் இதைக் கடை வாசலில் ஒட்டுவது கட்டாயம். இங்கிலாந்தில் கட்டாயமில்லை என்பதால் லண்டனில் நாமேதான் தேடிப் பார்க்க வேண்டும். வீட்டுக்கு உணவு கொண்டுவரும் செயலிகளில் ஒரே சமையலறை பல பெயர்களில் தோன்றுவதுண்டு. அதை முகவரியை ஒப்பிட்டுக் கண்டுபிடித்துவிடலாம்.

படி 4: சரியான கேள்விகளைக் கேளுங்கள்

மற்ற எல்லாப் படிகளையும்விட இதுவே முக்கியமானது. “ஹலாலா?” என்று மட்டும் கேட்டால் பெரும்பாலான கடைகளில் “ஆம்” என்ற விடைதான் வரும், அதனால் நமக்கு எதுவும் தெரியப்போவதில்லை. அதற்குப் பதிலாக, “இறைச்சியை யாரிடம் வாங்குகிறீர்கள்? அவர்களுக்கு எந்த அமைப்பின் சான்றிதழ் இருக்கிறது?” என்று பணிவாகக் கேளுங்கள். அக்கறையுள்ள கடைக்காரர் மொத்த வியாபாரியின் பெயரை உடனே சொல்வார். பலர் பெட்டியின் முத்திரையையோ விலைச்சீட்டையோ எடுத்துக் காட்டவும் செய்வார்கள். கேள்வியே பிடிக்காதவர்போல் நடந்துகொள்ளும் இடத்தில் உட்காராதீர்கள். சான்றிதழ் பெற்ற வியாபாரியிடம் இறைச்சி வாங்குவது வேறு, உணவகமே சான்றிதழ் பெற்றிருப்பது வேறு. சுவரில் தொங்கும் சான்றிதழ் யாருடைய பெயரில், எந்தத் தேதி வரை செல்லும் என்று வாசித்துப் பாருங்கள்.

கோழி மட்டும் ஹலாலா, ஆட்டிறைச்சியும் மாட்டிறைச்சியும் ஹலாலா என்பதையும் கேட்க வேண்டும். ஹலால் அல்லாதவையும் சமைக்கப்படும் கடையென்றால், பொரிக்கும் எண்ணெயும் சுடும் கம்பித்தட்டும் தனித்தனியா என்று விசாரியுங்கள். குழம்பில் ஒயின் சேர்கிறதா, இனிப்பில் இருக்கும் ஜெலட்டின் எதிலிருந்து எடுக்கப்பட்டது என்பவை பலரும் கேட்க மறக்கும் கேள்விகள். மது விற்கும் கடைகளும், மது விற்காவிட்டாலும் வாடிக்கையாளர் கொண்டுவருவதை அனுமதிக்கும் கடைகளும் லண்டனில் நிறைய உண்டு. அங்கே உண்பதா என்பது உங்கள் முடிவு, ஆனால் மேசையில் அமர்ந்த பிறகு தெரிந்துகொள்வதைவிடத் தொலைபேசியில் முன்பே கேட்பது நல்லது.

படி 5: சமையலை மதிப்பிடுங்கள்

நூறு வகைகளுடன் நீளும் உணவுப் பட்டியலைவிட, பதினைந்து வகைகளைச் செம்மையாகச் செய்யும் கடையையே நான் நம்புவேன். நாண் கேட்ட பிறகு சுடப்படுகிறதா, வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் குடும்பங்கள் வருகின்றனவா என்று பாருங்கள். வாசலில் ஆள் நிறுத்தித் தள்ளுபடி சொல்லி அழைக்கும் கடைகளைக் கடந்து போய்விடுங்கள். முதல் முறை செல்லும்போது ஒரு கபாப், ஒரு குழம்பு, ஒரு ரொட்டி மட்டும் வாங்கினால், அந்தச் சமையலறையின் தரம் விளங்கிவிடும்.

படி 6: பட்டியலைப் புதுப்பித்து வாருங்கள்

சிறிய கடைகளில் உரிமையாளரும் இறைச்சி வியாபாரியும் மாறுவது வழக்கம். விசாரித்து அறிந்தவற்றைத் தேதியுடன் குறித்துவைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை மீண்டும் கேளுங்கள். சான்றிதழ் அமைப்பின் பட்டியலிலிருந்து கடையின் பெயர் நீங்கியிருந்தால், காரணத்தைக் கடைக்காரரிடமே நேரில் கேட்டு, அவர் சொல்லும் விடையையும் அந்தக் குறிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.