எல்லாக் காய்க்கும் ஒரே குளிர் ஆகாது: காய்கறி, பழங்களை வீட்டில் வைப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சந்தையிலிருந்து திரும்பியதும் பையை அப்படியே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் கவிழ்த்துவிட்டுக் கதவைச் சாத்துவது பல வீடுகளில் பழக்கமாகிவிட்டது. நான்காம் நாள் பார்த்தால் வாழைப்பழம் கறுத்து, கத்தரிக்காயில் பழுப்புக் குழிகள் விழுந்து, கொத்தமல்லி கொழகொழத்துப் போயிருக்கும். பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டார் என்று காய்கறிக்காரரைக் குறை சொல்கிறோம். பெரும்பாலும் குற்றம் அவருடையதன்று. செடியிலிருந்து பறித்த பிறகும் காயும் கனியும் கீரையும் உயிருள்ளவைதாம். அவை சுவாசிக்கின்றன, சேர்த்து வைத்த சர்க்கரையைச் செலவழிக்கின்றன, நீரை இழக்கின்றன. வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் கூடினால் இந்தச் சுவாசத்தின் வேகம் ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று மடங்காகிறது. அந்த வேகத்தைத் தணிக்கத்தான் குளிர் தேவைப்படுகிறது. ஆனால் எந்தக் காய் எவ்வளவு குளிரைத் தாங்கும் என்று பாராமல் எல்லாவற்றையும் ஒன்றாக அடைப்பதிலிருந்தே மற்றத் தவறுகளும் தொடங்குகின்றன.

முள்ளங்கி, கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், கீரை ஆகியவற்றுக்குக் குளிர் நன்மையே செய்யும். குளிரில் வைக்கத் தாமதிப்பதுதான் அவற்றுக்குக் கேடு. வெப்ப மண்டலத்தில் தோன்றிய வாழை, மா, கத்தரி, வெண்டை, வெள்ளரி, சேனை, சர்க்கரைவள்ளி போன்றவையோ கடுங்குளிரைத் தாங்குவதில்லை. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்குள் சுமார் 4 டிகிரி இருக்கும். வாழைக்கு 13 டிகிரிக்குக் கீழே போனாலே உயிரணுக்களின் சவ்வு பழுதடையத் தொடங்குகிறது. நன்கு பழுத்த பூவன் பழத்தை உள்ளே வைத்தால் தோல் கறுத்தாலும் உள்ளே உண்ணத் தகுந்ததாகவே இருக்கும். ஆனால் செங்காயாக வைத்த சீப்பு, வெளியே எடுத்த பிறகும் ஒழுங்காகப் பழுக்காது. மாங்காய்க்கும் இதே கதிதான். கத்தரியும் வெண்டையும் வெள்ளரியும் சில நாள் குளிரில் கிடந்தால் குழி விழுந்து, வெளியே வந்ததும் விரைந்து அழுகுகின்றன. அவற்றை உள்ளே வைத்தே ஆக வேண்டுமென்றால், துணியில் சுற்றி, குளிர்காற்று நேராகப் படாத இடத்தில் வைத்து, இரண்டு மூன்று நாட்களுக்குள் சமைத்துவிட வேண்டும்.

தக்காளியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பழுத்த தக்காளியை 5 டிகிரியில் ஏழு நாள் வைத்தபோது அதன் மணத்துக்குக் காரணமான சேர்மங்கள் வெகுவாகக் குறைந்ததையும், ஒரு நாள் வெளியே எடுத்து வைத்த பின்பும் அவை முழுமையாக மீளாததையும் ஃப்ளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்டார்கள். இதைக் கொண்டு, தக்காளியை எப்போதும் அறை வெப்பநிலையில்தான் வைக்க வேண்டும் என்று பலர் எழுதுகிறார்கள். அந்த அறிவுரையில் அறை என்பது பெரும்பாலும் 20 டிகிரி உள்ள அறை. சித்திரை மாதத்துச் சென்னையிலோ வேலூரிலோ அடுக்களை 35 டிகிரியைத் தாண்டும். அங்கே பழுத்த தக்காளி இரண்டு நாளில் நீர் விட்டுவிடும். ஆகவே செங்காய்களை வெளியே ஒன்றன்மேல் ஒன்று அழுந்தாமல் பரப்பி, காம்புப் பகுதி கீழே இருக்குமாறு வைப்பதும், கோடையில் முழுதும் பழுத்தவற்றை மட்டும் உள்ளே வைத்து விரைவில் பயன்படுத்துவதுமே நம் ஊருக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. ரசத்துக்கும் தொக்குக்கும் போகும் பழத்தில் சற்று மணம் குறைந்தாலும், அது அழுகிப் போவதைவிட மேல்.

கடுங்குளிரும் வேண்டாம், அடுக்களை வெக்கையும் வேண்டாம் என்றால் இடைப்பட்ட வழி ஒன்று உண்டு. அதை நாம் மறந்துவிட்டது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. புதுதில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1980-களில், செங்கல்லால் இரட்டைச் சுவர் எழுப்பி, இடைவெளியில் மணலை நிரப்பி, நாள்தோறும் நீர் தெளித்து, மின்சாரமே இல்லாமல் காய்களைக் காக்கும் அறையை வடிவமைத்தார்கள். மணலில் உள்ள நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். பெரிய மண்தொட்டிக்குள் சிறிய மண்பானையை இறக்கி, இடையில் ஈர மணலை இட்டு, மேலே நனைந்த சாக்கை மூடினால் வீட்டளவில் இதையே செய்துகொள்ளலாம். மதுரை, திருச்சி போன்ற ஊர்களின் வறண்ட கோடையில் கத்தரிக்கும் வெண்டைக்கும் இது மிகப் பொருத்தமானது. காற்றிலேயே ஈரம் மிகுந்த கடலோர ஊர்களில் நீர் மெல்லத்தான் ஆவியாகும் என்பதால் பயன் குறைவு.

அடுத்த தவறு, பழங்களையும் காய்களையும் ஒரே கூடையில் போடுவது. மா, வாழை, பப்பாளி, சப்போட்டா, கொய்யா, ஆப்பிள் ஆகியவை பழுக்கும்போது எத்திலீன் என்னும் வாயுவை வெளியிடுகின்றன. அந்த வாயு பட்டால் கீரை மஞ்சளடிக்கும், வெள்ளரி விரைவில் தளரும், கேரட்டில் கசப்பே ஏறிவிடும். ஆப்பிளையும் கேரட்டையும் ஒரே தட்டில் வைத்துவிட்டு, கேரட் ஏன் கசக்கிறது என்று வியந்தவர்கள் பலர் இருப்பார்கள். இதே வாயுவை நம் பாட்டிமார் நன்மைக்குப் பயன்படுத்தினார்கள். சப்போட்டாவையும் மாங்காயையும் அரிசிப் பானையில் புதைத்தபோது, வெளியேற வழியின்றி நின்ற எத்திலீன்தான் அவற்றைப் பழுக்க வைத்தது. கால்சியம் கார்பைடு கல்லால் பழுக்க வைப்பதைச் சட்டம் தடை செய்துள்ள போதிலும் அச்சம் தீராதவர்கள், முற்றிய காயாக வாங்கி வைக்கோலிலோ அரிசியிலோ தாமே பழுக்க வைக்கலாம். திராட்சை, ஆரஞ்சு, எலுமிச்சை, மாதுளை, அன்னாசி ஆகியவற்றை எவ்வளவு நாள் வைத்தாலும் பறித்த பின் இனிப்பு ஏறாது. அவற்றைப் பழுத்த நிலையிலேயே வாங்க வேண்டும்.

வாங்கி வந்தவுடன் எல்லாவற்றையும் கழுவி வைப்பது தூய்மை என்று தோன்றினாலும், தோலில் தங்கிய ஈரம் பூஞ்சைக்கு வழி விடுகிறது. திராட்சையின் மேலுள்ள வெண்பொடி இயற்கையான மெழுகு. அதைக் கழுவி நீக்கிய குலை விரைவில் கெடும். சமைக்கும்போது, உண்ணும்போது கழுவுவதே முறை. வாங்கி வந்தவுடனே கழுவ வேண்டிய கட்டாயம் இருந்தால், மின்விசிறியின் கீழ்ப் பரப்பி முழுதும் உலர்த்திவிட்டு எடுத்து வைக்க வேண்டும். இறுக முடிந்த பிளாஸ்டிக் கவரும் இதே கேட்டைச் செய்கிறது. உள்ளே வியர்த்த நீர் காயின் மேலேயே நிற்கும். கொத்தமல்லியையும் கறிவேப்பிலையையும் செய்தித்தாளில் சுற்றச் சொல்பவர்கள் உண்டு. நான் அதை ஏற்பதில்லை. அச்சு மையில் உள்ள வேதிப்பொருள்கள் உணவில் சேரும் என்பதால், செய்தித்தாளில் உணவைப் பொதிய வேண்டாமென இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016-லும் 2023-லும் அறிவுறுத்தியிருக்கிறது. துவைத்த பழைய வேட்டித் துண்டே போதும். பச்சைமிளகாயில் காம்பே முதலில் அழுகுவதால் அதைக் கிள்ளிவிட வேண்டும். முள்ளங்கியின் தழை கிழங்கிலிருந்து நீரை இழுத்துக்கொண்டே இருக்கும். அதை அன்றே நறுக்கித் தனியே பொரியல் செய்துவிடலாம்.

வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் கொட்டாதீர்கள். உருளைக்கிழங்கு விடும் ஈரத்தில் வெங்காயம் முளைத்து அழுகும். அதற்கு வேண்டியது உலர்ந்த காற்று. பெரம்பலூர்ப் பகுதி விவசாயிகள் சின்ன வெங்காயத்தைப் பட்டறை என்னும் காற்றோட்டமான சேமிப்பு அமைப்பில் மாதக்கணக்கில் வைத்திருப்பதன் அடிப்படையும் இந்த உலர்காற்றுதான். உருளைக்கிழங்குக்குக் காற்றோடு இருட்டும் வேண்டும். வெளிச்சம் பட்டுப் பச்சையான கிழங்கில் சோலனைன் என்னும் நஞ்சு கூடியிருக்கலாம். வேகவைத்தாலும் அது நீங்காது. சிறிதளவு பச்சை என்றால் ஆழமாகச் சீவிவிட வேண்டும். கிழங்கு முழுதும் பச்சையாகிக் கசந்தால் எறிந்துவிட வேண்டும்.

நறுக்கிய தர்பூசணியையும் பப்பாளியையும் மேசையில் வைத்துவிட்டு மாலையில் உண்பது ஆபத்தானது. தோல் என்னும் காப்பு போன பிறகு கிருமிகள் பெருகத் தடையில்லை. இரண்டு மணி நேரத்துக்குள், கடுங்கோடையில் ஒரு மணி நேரத்துக்குள், மூடிய பாத்திரத்தில் குளிரில் வைக்க வேண்டும். பூஞ்சை பிடித்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டு மீதியைச் சமைக்கலாமா என்பது காயைப் பொறுத்தது. கேரட், முட்டைக்கோஸ் போன்ற கெட்டியான காய்களில், சுற்றிலும் 2.5 சென்டிமீட்டர் ஆழம் வரை வெட்டி நீக்கினால் மீதி பயன்படும். தக்காளி, திராட்சை போன்ற மென்மையானவற்றில் கண்ணுக்குத் தெரியாமல் இழைகள் உள்ளே பரவியிருக்கும் என்பதால் அப்பழம் முழுவதையும் எறிந்துவிட வேண்டும். அது கிடந்த தட்டையும் சோப்பு நீரால் துடைத்து, நன்றாக உலர்ந்த பின்பே புதிய காய்களை அடுக்க வேண்டும்.