செம்பேன் போகவில்லையா? இலையைத் திருப்பிப் பாருங்கள்

மருந்து அடித்தும் செம்பேன் அடங்கவில்லை என்றால், பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்றுதான். அடித்தது பூச்சிக்கான மருந்தாக இருக்கும். இல்லையென்றால் அடித்தது இலையின் மேல்பக்கத்தில் மட்டும் பட்டிருக்கும். செம்பேன் பூச்சி இனமே கிடையாது. எட்டுக்கால் உள்ள சிலந்தி, உண்ணி வகையறா. இமிடாகுளோப்ரிட், சைபர்மெத்ரின் மாதிரியான பூச்சிமருந்துகள் அதை அசைப்பதில்லை; அதைத் தின்று வாழும் பொறிவண்டுகளையும் இரைப்பேன்களையும்தான் கொல்லும். காவல் போனபின் செம்பேன் பத்து மடங்காகப் பெருகும். அசுவினிக்கு மருந்து அடித்த இரண்டாம் வாரம் ரோஜாவில் வலை கட்டியிருந்தால் சந்தேகமே வேண்டாம், அது அந்த மருந்தின் கைங்கரியம்.

பெயரிலும் ஒரு குழப்பம் உண்டு. இலைப்பேன் என்பது வேறு. அது ஆறுகால் பூச்சி. செம்பேனும் மஞ்சள் பேனும் சிலந்தி இனம். கடையில் "பேனுக்கு மருந்து" என்று மட்டும் கேட்டால் இலைப்பேன் மருந்தைக் கொடுத்துவிட வாய்ப்புண்டு. "செம்பேன், சிலந்தி இனம்" என்று சொல்லிக் கேளுங்கள்.

எந்தப் பேன் என்று கண்டுபிடிப்பது

இலையின் மேல்பக்கத்தில் ஊசியால் குத்தியதுபோல வெளிர்மஞ்சள் புள்ளிகள் தெரியும். அந்த இலையைத் திருப்பி, 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸை நரம்போரமாக வைத்துப் பாருங்கள். அரை மில்லிமீட்டருக்கும் குறைவான உடல், முதுகின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கரும்புள்ளி: அது இருபுள்ளிச் செம்பேன். அந்தப் புள்ளி, அது உறிஞ்சிய இலைச்சாறு உடலுக்குள் தெரிவது. பக்கத்திலேயே கண்ணாடி மணி மாதிரி உருண்டையான முட்டைகளும், தோலுரித்துப் போட்ட வெள்ளைச் சக்கைகளும் கிடக்கும். சக்கை மட்டும் இருந்து, நகர்வது எதுவும் இல்லையென்றால் தாக்குதல் முடிந்துபோயிருக்கலாம்; மருந்து தேவையில்லை.

லென்ஸ் இல்லாதவர்களுக்கு வெள்ளைக் காகிதம் போதும். இலைக்கு அடியில் பிடித்து நான்கைந்து தடவை தட்டுங்கள். ஒரு நிமிடம் பொறுத்தால் விழுந்த தூசியில் சில புள்ளிகள் நடக்கத் தொடங்கும். மெதுவாக நகர்ந்தால் செம்பேன். கண்ணை விட்டு ஓடுகிறமாதிரி விரைந்தால், பேரிக்காய் வடிவத்தில் பளபளப்பாக இருந்தால், அது பெரும்பாலும் செம்பேனைத் தின்னும் இரைப்பேன். அதை விட்டுவையுங்கள்.

மிளகாயில் கதை வேறு. நுனி இலைகள் கீழ்நோக்கிக் கவிழ்ந்த படகுபோலச் சுருண்டு, காம்பு நீண்டு, குருத்து கடினப்பட்டு நின்றால் மஞ்சள் பேன். மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன். மஞ்சள் பேன் 0.2 மில்லிமீட்டர் அளவுதான், வலை பின்னாது. கண்ணுக்குத் தெரியாததால் பலர் வைரஸ் நோய் என்று எண்ணிச் செடியைப் பிடுங்கிவிடுகிறார்கள். வெள்ளை ஈயின் காலைப் பற்றிக்கொண்டு செடிவிட்டுச் செடி போகும் இனம் இது. அதனால் வெள்ளை ஈயைக் கட்டுப்படுத்தாமல் இதை மட்டும் துரத்திப் பயனில்லை. செம்பேனுக்குச் சூடும் வறட்சியும் பிடிக்கும். மஞ்சள் பேனுக்கு ஈரக்காற்று பிடிக்கும்.

மல்லிகை இலையிலும் மொட்டிலும் வெள்ளைக் கம்பளி ஒட்டியதுபோல இருந்தால் அது மூன்றாவது வகை. இதற்கு நான்கு கால்கள்தான். கம்பளிக்குள் ஒளிந்திருப்பதால் தெளிப்பு எளிதில் எட்டாது. அந்தக் கிளைகளை வெட்டி எடுத்துவிட்டு, புதுத் துளிருக்குக் கந்தகம் அடிப்பதுதான் வழி.

முதலில் தண்ணீர்

மொத்தத் தோட்டத்துக்கும் மருந்து கலக்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள். வலை கட்டிய, பாதிக்குமேல் வெளுத்த இலைகளைக் கிள்ளி, அந்த இடத்திலேயே ஒரு பையில் போட்டு வாயைக் கட்டுங்கள். கையில் ஏந்திக்கொண்டு தோட்டத்தைக் கடந்தால் வழியெல்லாம் உதிரும். குப்பைக்குழியில் போட வேண்டாம். நன்றாக இருக்கும் செடிகளை முதலில் கவனித்து, பேன் பிடித்த செடியைக் கடைசியில் தொடுங்கள்; சட்டைக் கையிலும் ஏறிக்கொண்டு வரும்.

பிறகு குழாயின் முனையை விரலால் அமுக்கி, கீழிருந்து மேல்நோக்கி, இலையின் அடிப்பக்கத்தில் பீய்ச்சுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை, இரண்டு வாரம். காலையில் செய்தால் இலை பகலில் உலர்ந்துவிடும். வலையும் தூசியும் போவதே பாதி வெற்றி. தூசி படிந்த இலையில் பேன் செழிக்கும், அதைத் தின்னும் உயிர்கள் தடுமாறும். பத்துப் பதினைந்து தொட்டிகள் உள்ளவர்களுக்குப் பல தடவை இதுவே போதுமாகிவிடும். பூத்த நிலையில் உள்ள தக்காளி, மிளகாயில் மட்டும் வேகத்தைக் குறையுங்கள்; பூ உதிரும்.

சோப்பும் வேப்பெண்ணெயும்

சோப்புக் கரைசல் பேனின் மேல் பட்டால்தான் கொல்லும். உலர்ந்தபின் அதற்கு வேலையில்லை. செடிக்கென்று விற்கும் பொட்டாசியம் சோப்பை, புட்டியில் ஒட்டிய அட்டையில் சொன்ன அளவில் எடுங்கள். பெரும்பாலும் லிட்டருக்கு 10 முதல் 20 மில்லி வரும். பாத்திரம் கழுவும் திரவமும் துணிப் பொடியும் சோப்பு அல்ல. இலையின் மெழுகுப்பூச்சைக் கரைத்து விளிம்பைக் கருக்கிவிடும். தண்ணீர் உப்பாக இருந்தால் கலந்ததும் தயிர் திரிந்தாற்போல வெள்ளைத் திவலைகள் மிதக்கும். அந்தக் கலவையில் பலன் குறைவு. மழைநீரோ காய்ச்சி வடித்த நீரோ பயன்படுத்துங்கள்.

வேப்பெண்ணெய்க் கலவையில்தான் அதிகப்பேர் கோட்டை விடுகிறார்கள். எண்ணெயை நேராகத் தண்ணீரில் ஊற்றிக் குலுக்கினால் ஐந்து நிமிடத்தில் மேலே மிதக்கும். தெளிப்பானின் குழாய் அடியிலிருந்து உறிஞ்சுவதால் முதலில் வெறும் தண்ணீரும் கடைசியில் சுத்த எண்ணெயும் வரும். கடைசியாக அடித்த செடி கருகுவதன் ரகசியம் இதுதான். சரியான முறை:

1. 5 மில்லி வேப்பெண்ணெயில் 1 முதல் 2 மில்லி திரவப் பொட்டாசியம் சோப்பை ஊற்றி, குச்சியால் கலக்குங்கள். குளிரில் எண்ணெய் உறைந்திருந்தால் புட்டியை வெதுவெதுப்பான நீரில் வைத்து இளக்குங்கள்.
2. கால் டம்ளர் வெதுவெதுப்பான நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து அடியுங்கள். கலவை பால்போல வெளுக்க வேண்டும்.
3. அதை மீதித் தண்ணீரில் ஊற்றி 1 லிட்டராக்குங்கள். ஐந்து நிமிடம் வையுங்கள். மேலே எண்ணெய் வட்டம் தெரிந்தால் இன்னும் கொஞ்சம் சோப்புச் சேர்த்துத் திரும்பக் கலக்குங்கள். வட்டத்தோடு அடிக்க வேண்டாம்.
4. அடிக்கும்போதும் அவ்வப்போது தெளிப்பானைக் குலுக்குங்கள். அன்றைக்கே தீர்த்துவிடுங்கள், கலக்கி வைத்தது மறுநாளைக்கு வீரியம் இழக்கும்.

வெயில் தாழ்ந்தபின் அடியுங்கள். 32 டிகிரிக்கு மேலான வெப்பத்திலும், வாடி நிற்கும் செடியிலும் எண்ணெயும் சோப்பும் கூடாது. முதல்நாள் தண்ணீர் விட்டு, மறுநாள் அடிப்பது நல்லது. புதிய செடி என்றால் நான்கைந்து இலையில் மட்டும் அடித்து 48 மணி நேரம் பாருங்கள்.

எவ்வளவு கலக்குவது என்று தெரியாவிட்டால், ஒருநாள் வெறும் தண்ணீரை அடித்து அளந்துகொள்ளுங்கள். எல்லா இலையின் அடியும் நனைந்து சொட்டத் தொடங்கும்வரை எத்தனை லிட்டர் போகிறதோ அதுவே உங்கள் அளவு. மிஞ்சின மருந்தை எங்கே கொட்டுவது என்ற தலைவலி இதனால் தீரும்.

ஏன் மறுபடி மறுபடி அடிக்க வேண்டும்

30 டிகிரி வெப்பத்தில் முட்டையிலிருந்து முட்டையிடும் தாயாக மாறச் செம்பேனுக்கு ஒரு வாரம்கூட ஆகாமல் போகலாம். ஒரு தாய் தன் ஆயுளில் நூறு முட்டைக்கு மேலும் இடலாம். சோப்பு முட்டையைத் தொடுவதில்லை; எண்ணெய் ஓரளவு மூச்சுமுட்ட வைக்கும். ஆகவே முதல் தெளிப்பில் தப்பிய முட்டைகள் பொரிந்து, அவை முட்டையிடுவதற்கு முன் இரண்டாவது தெளிப்பு விழ வேண்டும். வெயில் காலத்தில் முதல் நாள், ஆறாம் நாள், பதினோராம் நாள். குளிர்காலத்தில் இடைவெளி 7 முதல் 10 நாள். ஒரே தடவை அடித்துவிட்டு "மருந்து சரியில்லை" என்பது வீண்பழி.

இன்னொன்று: வெளுத்த இலை திரும்பப் பச்சையாகாது. பழைய புள்ளிகளைப் பார்த்து மருந்தை நீட்டிக்கொண்டே போகாதீர்கள். புதுத்துளிர் சுத்தமாக வருகிறதா, காகிதத்தில் எத்தனை புள்ளி நடக்கிறது என்பதே கணக்கு.

கந்தகம்

மஞ்சள் பேனுக்கும் மல்லிகைக் கம்பளிப் பேனுக்கும் நனையும் கந்தகத் தூள் நல்ல மருந்து. 80 சதத் தூள் என்றால் லிட்டருக்கு 2 முதல் 3 கிராம். கரண்டிக் கணக்கு வேண்டாம், சிறு தராசில் நிறுத்துங்கள். முதலில் கொஞ்சம் தண்ணீரில் பசையாகக் குழைத்து, பிறகு முழுத் தண்ணீரில் கரையுங்கள். இல்லையேல் கட்டிதட்டி நாசில் அடைக்கும். நாசில் அடைத்தால் வாயால் ஊதாதீர்கள். பழைய பல்துலக்கும் பிரஷ் போதும்.

எண்ணெய் அடித்து இரண்டு வாரம் ஆகாமல் கந்தகம் அடிக்கக் கூடாது. கந்தகம் அடித்தபின் எண்ணெயும் அப்படியே. இரண்டும் சேர்ந்தால் இலை வெந்துவிடும். கடும் வெயிலிலும் கூடாது. வெள்ளரி, பூசணி, பாகல் கொடிகளில் சில ரகங்கள் கந்தகம் தாங்காது. சோதித்துத்தான் அடிக்க வேண்டும்.

ரசாயனப் பேன்கொல்லிக்குப் போனால்

மேலே சொன்னதெல்லாம் மூன்று வாரம் ஒழுங்காகச் செய்தும் பலனில்லை என்றால் மட்டும். வீட்டுத் தோட்டத்துக்கு அனுமதி உள்ளதா, உங்கள் செடியின் பெயர் அட்டையில் உள்ளதா என்று முதலில் பாருங்கள். டைக்கோஃபால் என்ற பழைய பேன்கொல்லிப் புட்டி அலமாரியில் கிடந்தால் தொடாதீர்கள். நீடித்த மாசு என்று ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தில் 2019இல் ஒழிப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது அது.

செம்பேனைப்போல் வேகமாக மருந்துக்குப் பழகும் உயிர் குறைவு. அதனால் ஒரே மருந்தை இரண்டு தடவைக்குமேல் தொடர்ந்து அடிக்கக் கூடாது. மாற்றும்போது பெயரை மாற்றினால் போதாது, செயல்படும் குழு எண்ணும் (ஒரே விதத்தில் கொல்லும் மருந்துகளுக்கு உள்ள பொது எண்) மாற வேண்டும். அபாமெக்டின் குழு 6, ஹெக்ஸிதயசாக்ஸ் 10, புரோபார்கைட் 12, ஃபெனசாகுயின் 21, ஸ்பைரோமெசிஃபென் 23. ஃபெனசாகுயினுக்குப் பின் ஃபென்பைராக்ஸிமேட் வாங்கினால் அதுவும் 21தான். புது அட்டை, பழைய மருந்து. ஹெக்ஸிதயசாக்ஸ் முட்டையையும் குஞ்சையும்தான் கொல்லும், வளர்ந்த பேன் அப்படியே நடமாடும். மறுநாள் பார்த்து ஏமாற வேண்டாம். அபாமெக்டின் இலைக்குள் ஊடுருவி அடிப்பக்கத்துக்கும் போகும், ஆனால் தேனீக்கும் மீனுக்கும் கொடிய நஞ்சு. பூத்திருக்கும்போதும் மீன்தொட்டி அருகிலும் வேண்டாம்.

அட்டையில் ஹெக்டேர் கணக்கு மட்டும் இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. 500 லிட்டர் தண்ணீருக்கு 600 மில்லி என்றிருந்தால் லிட்டருக்கு 1.2 மில்லி. ஊசி போடும் சிரிஞ்சில் அளந்து, அதை மருந்துக்கென்றே ஒதுக்கி, பெயர் எழுதி வையுங்கள். "கொஞ்சம் தூக்கலாகப் போட்டால் சீக்கிரம் போகும்" என்று கூட்டினால் இலைதான் போகும்.

உடம்பைக் காப்பது

மருந்து கலக்கும் நேரம்தான் அடிக்கும் நேரத்தைவிட ஆபத்து. கையில் இருப்பது முழு வீரியம். நைட்ரைல் கையுறை போடுங்கள். துணி, தோல் கையுறை நஞ்சை உறிஞ்சித் தோலோடு பிடித்துவைத்துக்கொள்ளும். கண்ணுக்கு மூடிய கண்ணாடி கட்டாயம். புரோபார்கைட் கண்ணைக் கடுமையாகப் பாதிக்கும். துணி மாஸ்க் மருந்தாவியைத் தடுக்காது, அட்டை சொல்லும் வகை முகக்கவசமே வேண்டும். முழுக்கைச் சட்டை, முழுக்கால் சட்டை, மூடிய செருப்பு. இலையின் அடிப்பக்கம் அடிக்கும்போது நாசில் மேல்நோக்கி இருக்கும் என்பதால் சாரல் உங்கள் முகத்துக்கே வரும். முகத்துக்கு மேலே உள்ள கிளைக்கு நீண்ட குழல் வையுங்கள், காற்று உங்கள் முதுகுப்பக்கமிருந்து வீசட்டும். இலை வேகமாக ஆடும் காற்றில் வேலையை ஒத்திப்போடுங்கள்.

களைக்கொல்லி அடித்த தெளிப்பானைச் செடிக்குப் பயன்படுத்தாதீர்கள். எத்தனை கழுவினாலும் ரப்பர் வளையத்தில் தங்கும் துளி, தக்காளியைக் கோணலாக்கப் போதும். இரண்டு தெளிப்பான் வைத்துக்கொள்ளுங்கள்.

அறுவடைக்கு முன் எத்தனை நாள் என்று அட்டை சொல்கிறதோ அதை நாட்காட்டியில் குறியுங்கள். தினமும் பறிக்கும் வெண்டை, கத்தரியில் பேன்கொல்லி அடித்தால் அந்த நாட்களில் வரும் காயைப் பறித்து எறியத்தான் வேண்டும். மருந்து உலர்ந்து, அட்டை சொன்ன நேரம் கழியும்வரை குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் உள்ளே வேண்டாம்.

காலிப் புட்டியை மூன்று தடவை அலசி, அந்தத் தண்ணீரையும் தெளிப்பானிலேயே ஊற்றி அடித்துவிடுங்கள். பிறகு புட்டியில் ஓட்டை போடுங்கள். மீதியைக் குடிபான புட்டிக்கு மாற்றவே கூடாது. போட்ட உடுப்பைத் தனியாகத் துவையுங்கள். கண்ணில் தெறித்தால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவுங்கள். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அட்டையோடு மருத்துவரிடம் ஓடுங்கள்.

மறுபடி வராமல்

தழைச்சத்து உரத்தை வாரிக்கொட்டினால் இலை சாறேறி மென்மையாகும். பேனுக்கு அதுதான் வேண்டும். வறண்டு வாடும் தொட்டிகளில்தான் முதலில் தொற்றும், ஆகவே வெயிலில் நீர்ப்பாசனம் தவறக் கூடாது. செண்டுமல்லிச் செடியில் செம்பேன் சீக்கிரம் ஏறும் என்பதால் அதை வாரம் ஒருமுறை தட்டிப் பார்த்தாலே மற்றவற்றின் நிலவரம் தெரியும். புதிதாக வாங்கிய செடியைத் தோட்டத்துக்குள் கொண்டுபோகாமல், இரண்டு வாரம் தனியாக வையுங்கள். வந்த அன்றும் பதினான்காம் நாளும் அடியில் காகிதம் பிடித்துத் தட்டுங்கள். இரண்டு தடவையும் எதுவும் நடக்காவிட்டால் உள்ளே விடலாம்.