டிரைவ்ல அண்டர்வோல்டேஜ் டிரிப் ஆனா எங்கருந்து தேடணும்

மோட்டார் வேகத்தை கட்டுப்படுத்துற டிரைவ் (VFD), உள்ள வோல்டேஜ் குறைஞ்சுருச்சுன்னு தானா நின்னுட்டா அதுதான் அண்டர்வோல்டேஜ் டிரிப். அப்படி டிரிப் ஆனதும் ரீசெட் அடிச்சு அடிச்சு ஓட்டாதீங்க, போர்டு போச்சுன்னு உடனே கழட்டவும் செய்யாதீங்க. எப்ப டிரிப் ஆகுதுன்னு ஆபரேட்டர்கிட்ட கேளுங்க. பவர் போட்டதுமா, ரன் கொடுத்ததுமா, ஃபுல் லோடு ஏறுனப்பவா, இல்ல கரண்டு கண்ணடிக்கும்போது மட்டுமா? பாதி வேலை அதுலயே முடிஞ்சுரும்.

415 வோல்ட் சப்ளைன்னா டிசி பஸ் (டிரைவ் உள்ள ஏசியை டிசியா மாத்தி கெப்பாசிட்டர்ல வைக்கற இடம்) மோட்டார் சும்மா இருக்கும்போது 585 வோல்ட் கிட்ட காட்டும், லோடுல 560 பக்கம் வரும். டிரிப் ஆகுற அளவு மாடலுக்கு மாடல் மாறும், மேனுவல்ல பாத்துக்கோங்க. இங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க, ஏன்னா இன்கமிங்ல ஒரு ஃபேஸே இல்லன்னாலும் லோடு இல்லாதப்ப அந்த 585 அப்படியே நிக்கும். அதனால மூணு ஃபேஸையும் டிரைவோட இன்புட் டெர்மினல்லயே மோட்டார் லோடுல ஓடும்போது அளங்க, காண்டாக்டர் பாயின்ட் கருகியிருந்தாலும் ஒயர் முனையில இருக்கற லக் லூஸா இருந்தாலும் அப்பதான் தெரியும். மீட்டருக்கு கேட் 3 (CAT III, பாதுகாப்பு வகை), 1000 வோல்ட் ரேட்டிங் இருக்கணும், இதுல சமரசமே வேணாம்.

மூணு ஃபேஸும் சரியா இருந்து ரன் கொடுத்ததும் பஸ் சரசரன்னு இறங்குதா? எனக்கு முதல் சந்தேகம் ப்ரீசார்ஜ் ரிலே மேலதான். பவர் போட்டதும் கெப்பாசிட்டர் ஒரு ரெசிஸ்டர் வழியா மெதுவா சார்ஜ் ஆகும், ஆனப்புறம் அந்த ரிலே மூடி ரெசிஸ்டரை பைபாஸ் பண்ணணும், மூடலன்னா மொத்த கரண்டும் ரெசிஸ்டர் வழியாவே போகும், வோல்டேஜ் அங்கயே விழுந்துரும். எங்க மில்லுல ஒரு ஃபேன் டிரைவ் ரெண்டு நாள் உயிரை வாங்குச்சு, கடைசில பாத்தா அந்த ரிலே காண்டாக்ட் கரி புடிச்சிருந்துச்சு, போர்டுல ஒண்ணுமே இல்ல.

உள்ள கை வைக்கறதுக்கு முன்னாடி பவரை ஆஃப் பண்ணி லாக் போட்டு, கவர்ல எழுதியிருக்கற நிமிஷம் முழுசா காத்திருந்து, பஸ் பிளஸ் மைனஸ்ல டிசி அளந்து பாத்துட்டுதான் தொடணும். டிஸ்ப்ளே அணைஞ்சாலும் கெப்பாசிட்டர்ல சார்ஜ் இருக்கும், ஆளைக் கொல்ற அளவுக்கு.

மீட்டர்ல 560 இருக்கு, டிஸ்ப்ளே 400னு காட்டுதுன்னா சென்ஸிங் சர்க்யூட் கோளாறு, அப்ப மட்டும் போர்டு பக்கம் போங்க. கெப்பாசிட்டர் தலை உப்பியிருந்தா செட்டாவே மாத்துங்க.

கரண்டு கண்ணடிக்கும்போது மட்டும் டிரிப்னா கைனெடிக் பஃபரிங் (சுத்துற லோடோட வேகத்துலருந்தே பஸ்ஸுக்கு பவர் எடுத்துக்கற வசதி) இருந்தா ஆன் பண்ணிப் பாருங்க, ஃபேன் மாதிரி இனெர்ஷியா இருக்கற லோடுக்கு நல்லா வேலை செய்யும். ஆட்டோ ரீஸ்டார்ட் மட்டும் ஆள் கை வைக்கற மெஷின்ல போடவே போடாதீங்க.