நெட் மெதுவா? முதலில் வயரைப் பாருங்க

நெட் இழுக்கிறது என்று சொன்னால் போதும், ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் இடம்) இதை மாத்து, வேகம் கூட்டும் அந்த பூஸ்டரைப் போடு என்று ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் அதற்குக் கொஞ்சம் அர்த்தம் இருந்தது. அப்போது டிசிபி விண்டோ, அதாவது 'வந்துசேர்ந்தது' என்ற பதில் வரும்முன் ஒரே மூச்சில் அனுப்பக்கூடிய அளவு, 64 கேபிக்குள் நின்றுவிடும், சர்வருக்குப் போய்வர 50 மில்லிசெகண்ட் ஆகிற லைனில் எவ்வளவு பெரிய பிளான் போட்டாலும் ஒரு டவுன்லோடு 10 எம்பிபிஎஸ் பக்கம்தான் ஓடும். 2007-ல் கடைக்கு வந்த விஸ்டாவிலிருந்து விண்டோஸே இந்த அளவைக் கூட்டிக் குறைத்துக்கொள்கிறது. பூஸ்டர் ஏதாவது போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள்.

பிளானில் 100 எம்பிபிஎஸ் என்றால் டவுன்லோடில் நொடிக்கு 12 எம்பி சுமார் வரும். பிளான் சொல்வது மெகாபிட், டவுன்லோடு காட்டுவது மெகாபைட், எட்டு பிட் ஒரு பைட் என்பதால் எட்டால் வகுக்க வேண்டும். இதற்காக லைன்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

சரி, சோதனைக்கு வருவோம். வீட்டில் எல்லோருடைய போனிலும் வைஃபையை அணைத்துவிட்டு, ரௌட்டரிலிருந்து லேன் வயரை நேராகக் கம்ப்யூட்டரில் குத்தி ஸ்பீடு டெஸ்ட் போடுங்கள். வயரில் முழுசாக வந்தால் குற்றம் வைஃபையில். வயரிலும் வரவில்லையா, செட்டிங்ஸில் ஈதர்நெட் பக்கத்தில் லிங்க் ஸ்பீடு (கம்ப்யூட்டரும் ரௌட்டரும் வயரில் பேசிக்கொள்ளும் வேகம்) என்ன காட்டுகிறது என்று பாருங்கள்.

அங்கே 1000 இருக்க வேண்டிய இடத்தில் 100 என்று இருந்தால், நீங்கள் 300 எம்பிபிஎஸ் பிளானுக்குப் பணம் கட்டினாலும் 95-ஐத் தாண்டாது. 100-க்கு நாலு கம்பி போதும், 1000-க்கு எட்டும் தொட வேண்டும், அதனால் மற்ற நாலில் ஒரு கம்பி விட்டுப்போனால் நெட் 100-ல் ஓடிக்கொண்டுதான் இருக்கும், யாருக்கும் சந்தேகமே வராது. ஜாக்கை வெளிச்சத்தில் பிடித்து, எட்டு நிறமும் முனைவரை போய் முட்டுகிறதா, கிளிப் உடைந்து ஆடுகிறதா என்று பாருங்கள். சோமனூர்ப் பக்கம் தறி ஷெட்டில் டேப் சுற்றி ஒட்டுப்போட்ட வயர் என்றால் யோசிக்கவே வேண்டாம், 1000 தாங்கும் கேட் 5ஈ ரக லேன் வயர் புதிதாக இழுத்துவிடுங்கள். மோட்டார் கரண்ட் வயர் போகிற பைப்பிலேயே அதையும் நுழைக்காதீர்கள்.

வைஃபைதான் குற்றவாளி என்றால் ரௌட்டரை அட்டாலியிலிருந்து முதலில் கீழே இறக்குங்கள். ரௌட்டரின் இரண்டு அலைவரிசைகளில் பக்கத்து அறைக்கு 5 கிகாஹெர்ட்ஸ்தான் வேகமானது, ஆனால் பழைய வீட்டுச் சுவர் ஒன்றைத் தாண்டினாலே தளர்ந்துவிடும், அங்கே 2.4 பரவாயில்லை. 2.4-ல் சேனல் 1, 6, 11 மூன்றில் அக்கம்பக்கத்து வைஃபை கூட்டம் குறைவானதை வையுங்கள். வீட்டிலிருந்து தோட்டத்துச் சாளைக்குக் கொண்டுபோவதாக இருந்தால் செம்பு லேன் வயருக்கு 100 மீட்டர்தான் எல்லை. செம்பு வயரில் இடி மின்னல் பயம் இருப்பதால், கட்டடம் விட்டுக் கட்டடம் போவதற்கு ஃபைபர்தான் நல்லது.

அப்புறம் திருப்பூர் ஆபீஸ்களில் அடிக்கடி நடக்கிற ஒன்று. ஒருவர், சரக்கு வாங்கும் பையருக்குப் பெரிய டிசைன் ஃபைலை ஏற்ற ஆரம்பித்தால் மற்ற எல்லோருக்கும் நெட் நின்றுபோகும். அப்லோடு வழி நிரம்பிவிட்டதால், டவுன்லோடுக்குப் பதில் அனுப்பும் சின்னச் சின்ன பாக்கெட்டுகளும் அதே வரிசையில் காத்துக் கிடக்கின்றன. 8.8.8.8 என்ற கூகுள் சர்வருக்கு பிங் (போய்வரும் நேரத்தை அளக்கும் கட்டளை) ஓடவிட்டுக்கொண்டே ஃபைலை ஏற்றிப் பாருங்கள். 20 மில்லிசெகண்டில் இருந்த எண் 300, 400 என்று ஏறினால் இதேதான். ரௌட்டரின் கியூஓஎஸ் (நெட்டைப் பங்கிட்டுக் கட்டுப்படுத்தும் செட்டிங்) பக்கத்தில் அப்லோடை டெஸ்டில் வந்ததில் 85 சதவீதத்துக்குக் கட்டுப்படுத்துங்கள். ஃபைல் போய்ச்சேரக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், ஆனால் பக்கத்து சீட்டுக்காரர் வீடியோ காலில் பேசிக்கொண்டிருக்கலாம்.

டிஎன்எஸ்ஸை, அதாவது தளத்தின் பெயரை முகவரி எண்ணாக மாற்றித் தரும் சர்வரை, 1.1.1.1 என்று மாற்றினால் பக்கம் திறக்க ஆரம்பிப்பது வேண்டுமானால் சற்று வெரசாக இருக்கும், டவுன்லோடு வேகம் அதனால் கூடாது.